விடிவதற்குள் பிறந்த இருநூற்று ஒன்பது பேர்

அந்த மென்பொருள் நிறுவனத்தில் மொத்தம் ஏழு பேர். குளியலறை ஓடுகள் விற்கிற கடைக்கு மேலே, முதல் மாடியில் ஒரு நீளமான அறை. கீழே லாரியிலிருந்து ஓட்டுப் பெட்டிகளை இறக்கும்போதெல்லாம் மேலே மேசைகளில் இருக்கிற தண்ணீர் பாட்டில்கள் நடுங்கும். ஏழு பேரில் வயதில் மூத்தவளும் வேலையில் இளையவளும் ஒரே ஆள்தான். எல்லாரும் அவளை ரிஜிஸ்டர் அக்கா என்று கூப்பிட்டார்கள்.

பெயர் அங்கே வைத்ததல்ல, ஆஸ்பத்திரியிலிருந்து கூடவே வந்தது. பதினெட்டு வருஷம் அக்கா ஒரு மகப்பேறு மருத்துவமனையின் ஆவண அறையில் வேலை பார்த்தவள். எந்தக் குழந்தை எந்தத் தேதியில் எத்தனை எடையில் பிறந்தது என்று டாக்டர்களுக்குள் பேச்சு வந்தால், "ரிஜிஸ்டரைக் கேளுங்க" என்பார்கள். அவர்கள் சொன்னது புத்தகத்தை அல்ல, அவளைத்தான். ஆஸ்பத்திரிக்குக் கணினி வந்தபோது, பதிவுகள் எப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொள்ள இந்த நிறுவனத்து ஆட்கள் இரண்டு மாதம் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் இவள் அவர்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். "அப்போ தாயோட பேரை மாத்தினா குழந்தையோட பதிவுலயும் அதுவா மாறுமா?" என்று ஒருநாள் கேட்டதும் முதலாளி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எங்ககூட வந்துடுங்களேன்" என்றார்.

நாற்பத்தோரு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். மகள் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்த அதே சாப்பாட்டு மேசையில், எதிர் நாற்காலியில் அம்மாவும் படித்தாள். யாருக்கு முதலில் கொட்டாவி வருகிறது என்று வீட்டில் பந்தயமே நடந்தது. மகள் தேறிக் கல்லூரிக்குப் போனாள், அம்மா தேறி ஓட்டுக்கடை மாடிக்கு வந்தாள். இப்போது மூன்று வருஷமாகிவிட்டது. இன்னமும் அவளுடைய பதவியின் பெயர் இளநிலை நிரலாளர்தான். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தன்னுடைய பழைய ஆஸ்பத்திரியின் மென்பொருளையே பார்த்துக்கொள்ளக் கொடுத்திருந்தார்கள், அது போதும் என்றிருந்தாள்.

அந்த வருஷத்தின் நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. பிறந்த தேதி மட்டும் பதிவாகிறது, பிறந்த நேரமும் வேண்டும். இப்போதைக்குத் திரையில் தெரிந்தால் போதும், பிறகு பிறப்பு அட்டையிலும் அச்சிடலாம். பெரிய வேலை இல்லை. குழுவை நடத்துகிற பையன், இருபத்தொன்பது வயது, எதையும் நேற்றே முடித்திருக்க வேண்டும் என்கிறவன், அதனால் அவனுக்கு அவசரம் என்று பெயர், "அக்கா, அரை நாள் வேலை. நீங்களே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த மென்பொருளில் யாரும் டேட்டாபேஸோடு நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ஓஆர்எம் என்று ஒரு தரகு இருக்கிறது. நிரல் எழுதுகிறவர் 'குழந்தை' என்று ஒன்றை எழுதி, அதற்குப் பெயர், எடை, பிறந்த தேதி என்று சொல்லிவிட்டால் போதும். தரகு அதைக் கொண்டுபோய் டேட்டாபேஸில் உரிய கட்டங்களில் போட்டுவிடும், கேட்டால் திரும்ப எடுத்துக் கொடுத்துவிடும். எந்தக் கட்டத்தில் எந்த வகைச் சரக்கு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அக்கா 'பிறந்த கணம்' என்று புதிதாக ஒரு காலம் சேர்த்தாள். நெடுவரிசையைக் காலம் என்றுதான் அங்கே எல்லாரும் சொல்வார்கள். அதன் வகையைத் தேதியும் நேரமும் சேர்ந்தது என்று குறித்தாள். பழைய பதிவுகள் பழைய காலத்திலேயே கிடந்தன, புதிய குழந்தைகள் புதிய காலத்தில் வந்தார்கள். அட்டை அச்சிடுகிற நிரலையும் இனிமேல் புதிய காலத்தைப் பார்க்கும்படி திருப்பிவிட்டாள். மத்தியானம் மூன்று மணிக்கு மூன்று போலிக் குழந்தைகளைப் பதிவு செய்து பார்த்தாள். திரையில் சரி, அட்டையிலும் சரி. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

பத்து வாரம் ஒரு சத்தமும் இல்லை.

அதற்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி வந்தது. ஆவண அறையில் அக்காவின் இடத்துக்கு வந்தவள், சுருட்டை முடிக்காரி, அதனால் எல்லாருக்கும் சுருட்டை.

"அக்கா, இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க. ரெட்டைக் குழந்தை. பெரியவனுக்கு ஒரு தேதி, சின்னவனுக்கு மறுநாள் தேதி போட்டு அட்டை குடுத்திருக்கு. ரெண்டும் ஒரே நாள்தான் பிறந்துச்சுன்னு சொல்றாங்க."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அவசரம் சிரித்தான். "நடு ராத்திரிக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. சகஜம்தானே?"

"அதைத்தான் அப்போ கவுன்டர்ல இருந்த மாத்து ஆளும் சொல்லியிருக்காரு. இந்தாங்க, அவங்களே பேசறாங்களாம்."

தொலைபேசி கை மாறியது. சோர்ந்த குரல், ஆனால் விட்டுக்கொடுக்கிற குரல் இல்லை. "நடு ராத்திரியாம்ல, நடு ராத்திரி! ராத்திரி பூரா வலியில கிடந்தவ நானு. பெரியவன் வந்தப்போ சன்னல்ல வெளிச்சம் வந்தாச்சு. வாசல் பெருக்குற சத்தம் கேட்டுச்சு. சின்னவன் அதுக்கப்புறம் கால் மணி நேரத்துல வந்தான். கால் மணி நேரத்தை ஒரு நாள்னு எழுதிக் குடுத்தா நான் என்னங்க பண்றது? எங்க வீட்டுக்காரர் வேற, 'பாரு, மூத்தவனுக்கு ஒரு நாள் வயசு கூடுதல்'னு கிண்டல் பண்றாரு."

"அம்மா, ஒரு நிமிஷம் இருங்க," என்றாள் அக்கா. "பிரசவ அறை நோட்டுல நேரம் எழுதியிருப்பாங்க. சுருட்டை, பாத்துச் சொல்லு."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "பெரியவன் அஞ்சு அம்பத்திரண்டு. சின்னவன் ஆறு ஏழு. ரெண்டும் ஒரே நாள்தான்க்கா."

ஆறு மணிக்கு எட்டு நிமிஷம் முன்னால், ஏழு நிமிஷம் பின்னால். அவர்களுடைய ஊர்க் கடிகாரம் உலகப் பொது நேரத்தைவிட ஆறு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த ஆறு எங்கோ நுழைந்திருக்கிறது.

"அம்மா, நீங்க சொல்றதுதான் சரி," என்றாள். "தப்பு எங்க பக்கம். நாங்களே கூப்பிடுறோம்."

அவசரம் புருவத்தைத் தூக்கினான். பார்க்காமலே ஒப்புக்கொண்டது அவனுக்குப் பிடிக்கவில்லை. அக்கா டேட்டாபேஸைத் திறந்து அந்த இரண்டு வரிகளையும் நேராகப் பார்த்தாள். பெரியவனின் கட்டத்தில் முந்தின நாள், இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு என்று இருந்தது. சின்னவனின் கட்டத்தில் அன்றைய நாள், பூஜ்யம் மணி ஏழு நிமிஷம்.

நடந்தது இதுதான். நேரம் சேர்ந்த சரக்கு என்று அவள் சொல்லிவிட்டதால், தரகு அதை வாங்கும்போதே உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, ஆறு மணி நேரத்தைக் குறைத்துத்தான் உள்ளே வைத்தது. திரைக்கு எடுத்துத் தரும்போது மறுபடி ஆறைக் கூட்டிக் கொடுத்தது. ஆகவே திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் அட்டை அச்சிடும் நிரல், வேலையைவிட்டு எப்போதோ போய்விட்ட ஒருவர் எழுதியது. அது தரகைக் கேட்பதே இல்லை. நேராக உள்ளே போய், இருக்கிறதில் வருஷம், மாதம், நாள் என்று வரும் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்துத் தேதி என்று அச்சடித்துவிடும். காலை ஆறு மணிக்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்தப் பத்து எழுத்தும் சரியாக இருக்கும். நள்ளிரவுக்கும் ஆறு மணிக்கும் நடுவில் பிறந்தவர்கள் அத்தனை பேரும் அட்டையில் ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிட்டார்கள். அவள் சோதித்துப் பார்த்த போலிக் குழந்தைகள் மூன்றும் மத்தியானம் மூன்று மணிக்குப் பிறந்தவை.

"நான்தான்," என்றாள் அக்கா. "பத்து வாரத்துக்கு முன்னாடி நான் பண்ணினது."

அவசரம் திரையை எட்டிப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை, வேகமானவன், அவ்வளவுதான். "சரி, விடுங்க. அச்சு நிரல்ல வெட்டறதுக்கு முன்னாடி ஆறு மணி நேரம் கூட்டச் சொல்லிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுடும்."

அக்கா எண்ணிப் பார்த்தாள். பத்து வாரத்தில் விடிவதற்குள் பிறந்தவர்கள் இருநூற்று ஒன்பது பேர்.

"தம்பி, நான் அந்தக் கவுன்டர் ஜன்னல்ல பதினெட்டு வருஷம் உக்காந்திருக்கேன். பேர்ல ஒரு எழுத்து தப்பினாலே ஜன்னலை உடைச்சுடுவாங்க. இருநூறு அட்டை தப்பாப் போயிருக்கு, ஒரே ஒரு அம்மாதான் வந்தாங்கன்னா நம்ப முடியலை. மத்தவங்க எங்க போனாங்க?"

"பாக்காம விட்டிருப்பாங்க."

"சில பேர் விட்டிருப்பாங்க. எல்லாருமா?"

அவன் கையைக் கடிகாரத்தின்மேல் வைத்துக்கொண்டு நின்றான். "ஒரு நாள் குடுங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் எதையும் தொட வேண்டாம்," என்றாள் அக்கா.

போவதற்கு முன் முதலாளியின் மேசைக்குப் போய் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆஸ்பத்திரிக்கு யார் எழுதறது, நானா நீங்களா?" "நான் எழுதறேன், நீங்க கையெழுத்துப் போடுங்க," என்றாள். அவர் தலையாட்டிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குப் பட்டது.

அன்று மாலை வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவருக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. இருபத்தைந்து வருஷமாக மோட்டார் சத்தத்திலேயே இருந்து காது கொஞ்சம் மந்தம்.

"ஒரு காலத்தை மாத்தினேன், எல்லாம் தப்பாப் போச்சு," என்றாள்.

"காலம் மாறினா எல்லாந்தான் மாறும்," என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அந்தக் காலம் இல்லைங்க. டேட்டாபேஸ்ல காலம்."

"என்ன?"

அவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. பிறகு அவர் காதருகில் நாற்காலியை இழுத்துப்போட்டு முழுவதையும் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "மோட்டார் எரிஞ்சு வந்தா மேல இருக்கற காயிலை மட்டும் மாத்திட்டுக் குடுத்துடலாம். ஆனா வீட்டுக்குப் போய் வயரைப் பாத்தாத்தான் எதனால எரிஞ்சுதுன்னு தெரியும். போய்ப் பாரு," என்றார்.

மறுநாள் ஆவண அறையில் சுருட்டை அவளுக்குப் பழைய நாற்காலியையே இழுத்துப் போட்டாள். அறை மாறவில்லை. அதே இரும்பு அலமாரிகள், அதே தூசி வாசனை, ஜன்னல் கம்பியில் அதே காய்ந்த துணி. கவுன்டரில் இருந்த ஆள்தான் புதிது. முப்பது வயதிருக்கும், ஒல்லி, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். அக்கா அவரிடம் போய், விரட்டாமல், தன் தப்பை முதலில் சொன்னாள். அப்புறம்தான் கேட்டாள்.

"அட்டையில தேதி தப்புன்னு யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்க."

"என்ன பண்ணினீங்க?"

"உள்ள யாரோ தப்பா அடிச்சுட்டாங்கன்னு நினைச்சேன். திரையில சரியாத்தான் இருந்துச்சு, அட்டையில ஒரு நாள் குறைவா வந்துச்சு. அதனால திரையில ஒரு நாள் கூட்டிப் போட்டேன். அட்டை சரியா வந்துடுச்சு. ஜனங்களும் போயிட்டாங்க." மேசையில் இருந்த அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "சொல்லியிருக்கணும். புதுசா வந்தவன், நானே கேக்கிறதுக்குத் தயக்கமா இருந்துச்சு," என்றார்.

"எத்தனை பேருக்கு?"

"எண்ணலைங்க. தினம் ரெண்டு மூணு."

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். நேற்று அவசரம் சொன்னபடி ஆறு மணி நேரத்தைக் கூட்டிவிட்டிருந்தால், தப்பான அட்டைகள் சரியாகியிருக்கும். இவர் கைவைத்துச் சரிசெய்த குழந்தைகள் எல்லாம் இனிமேல் எந்த அட்டை எடுத்தாலும் ஒரு நாள் பிந்திப் பிறந்தவர்களாகியிருப்பார்கள். அதை யாரும் கண்டுபிடிக்கவே முடியாது. எந்த வரியில் யார் தேதியை மாற்றினார்கள் என்று மென்பொருள் எழுதி வைக்கவில்லை. கடைசியாகத் திருத்திய நாள் என்று ஒன்று உண்டு, ஆனால் குழந்தைக்குப் பெயர் சேர்த்தாலும் அது மாறும், எடையைத் திருத்தினாலும் மாறும். அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

மிச்சம் இருந்தது பிரசவ அறை நோட்டு மட்டும்தான். தடித்த அட்டை போட்ட நீள நோட்டு. குழந்தை பிறந்த அடுத்த நிமிஷம் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துப் பேனாவால் எழுதுவது. சில இடங்களில் ஈரக்கை பட்டு மை பரவியிருந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். சுருட்டை நோட்டிலிருந்து வாசித்தாள், அக்கா திரையில் பார்த்தாள், கவுன்டர்காரர் தன் ஓய்வு நேரத்தில் வந்து தாளில் கோடு போட்டார். தேதியும் நேரமும் ஒத்துப்போனால் ஒரு கோடு, திரையில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் வட்டம். நோட்டில் நர்ஸ் ஒருத்தியின் ஒன்றும் ஏழும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. அவளையே வார்டிலிருந்து கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார்கள். "இது ஏழு. ஒண்ணுன்னா நான் தொப்பி போட மாட்டேன்," என்றாள் அவள் கொஞ்சம் கோபமாக.

முடிவில் வட்டம் நூற்று நாற்பத்தெட்டு. இவர்களுக்கு அட்டை சரி, உள்ளே தப்பு. மிச்சம் அறுபத்தொரு பேருக்கு உள்ளே சரி, கையில் இருக்கிற அட்டை தப்பு. இரட்டையரில் மூத்தவன் அந்த அறுபத்தொன்றில் ஒருவன்.

வெள்ளிக்கிழமை அக்கா அலுவலகம் திரும்பி வேலையை ஆரம்பித்தாள். அவசரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தாளில் இருந்த வட்டங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "அன்னைக்கே நான் ஓட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். "எப்படிப் பண்ணலாம், சொல்லுங்க," என்றான்.

"பிறந்த தேதிங்கறது கணம் இல்லை தம்பி. நாள்காட்டியில ஒரு கட்டம். அதுக்கு ஊரும் கிடையாது, உலக நேரமும் கிடையாது. அதை யாரும் கூட்டவோ கழிக்கவோ கூடாது. அதனால தேதிக்கு வெறும் தேதி, நேரத்துக்கு வெறும் நேரம்னு ரெண்டாப் பிரிச்சுடலாம்."

"ரெண்டு காலம்."

"ரெண்டு காலம். தரகு ரெண்டையும் தொடாம அப்படியே வைக்கணும். அச்சு நிரலும் இனிமே தரகுகிட்டத்தான் கேக்கணும், பின்வாசல் வழியாப் போகக்கூடாது."

அவன் அச்சு நிரலை எடுத்துக்கொண்டான். அவள் காலங்களைப் பிரித்தாள். நோட்டிலிருந்து எடுத்த இருநூற்று ஒன்பது தேதிகளையும் ஒரு கோப்பில் போட்டு, ஒவ்வொன்றையும் பதிவெண்ணோடு சேர்த்து ஏற்றினாள். இந்தத் தடவை சோதனைக்கு இருபத்துநான்கு போலிக் குழந்தைகள், மணிக்கு ஒன்றாக. கூடவே நள்ளிரவுக்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வருஷத்தின் கடைசி நாளில் ஒன்று, லீப் வருஷத்துப் பிப்ரவரி இருபத்தொன்பதில் ஒன்று. அட்டைகளை அச்சடித்துத் தரையில் பரப்பி, இருவரும் முழங்கால் போட்டுச் சரிபார்த்தார்கள். முதலாளி வந்து கதவருகில் நின்று பார்த்துவிட்டு, ஒரு அட்டையை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனார். புதிய அட்டையில் பிறந்த நேரமும் சேர்ந்திருந்தது.

திங்கட்கிழமை மென்பொருள் மாறியது. அறுபத்தொரு குடும்பங்களைக் கூப்பிடுவது மிச்சம். ஆஸ்பத்திரியே கூப்பிடும் என்று சுருட்டை சொன்னாள். பாதியை நான் பேசுகிறேன் என்று அக்கா வாங்கிக்கொண்டாள்.

பெரும்பாலானவர்கள் சுலபம். "அப்படியா? நாங்க பாக்கவே இல்லையே," என்றார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பிறந்த குழந்தையை முந்தின நாள் ராத்திரிப் பிறந்தது என்றுதான் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருப்பார்கள், அட்டையும் அதையே சொன்னதால் யாருக்கும் உறுத்தவில்லை. சிலர் கோபப்பட்டார்கள். ஒரு பெண்மணி, "ஒரு தேதிகூட ஒழுங்கா எழுதத் தெரியாதா?" என்று கேட்டாள். "தெரியணும்மா. தப்புப் பண்ணிட்டோம்," என்றாள் அக்கா. புது அட்டை எப்போது வரும் என்று அந்தப் பெண்மணி கேட்டாள்.

ஒரு ஆள் மட்டும் கெஞ்சினார். "மேடம், அந்தத் தேதியையே விட்டுடுங்க. என் மாமியாரோட பிறந்த நாளும் அன்னைக்குத்தான். பேத்தி என் நாள்லயே பிறந்துட்டான்னு அவங்க ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. ரெண்டு மாசமா எனக்கு வீட்டுல ராஜ மரியாதை. இப்போ இல்லைன்னா நான் எங்க போவேன்?"

"சார், ஒரு மணி பத்துக்குப் பிறந்திருக்கு. எழுபது நிமிஷம் பிந்திடுச்சு, நான் என்ன பண்றது? மாமியாருக்கு ஒரு நாள், பேத்திக்கு மறுநாள்னு ரெண்டு நாளும் கேக் வாங்குங்க. மரியாதை ரெண்டு நாளாயிடும்."

"அதை நீங்களே அவங்ககிட்டச் சொல்றீங்களா?" என்றார். அக்கா சொன்னாள். மாமியார் மறுமுனையில் பெருமூச்சு விட்டு, "எழுபது நிமிஷம் முன்னாடி தள்ளியிருக்கக் கூடாதா," என்று மகளைத்தான் குறை சொன்னார்.

பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சுருட்டை சின்னதாகப் புள்ளி வைத்திருந்தாள். காலை இரண்டு இருபதுக்குப் பிறந்து, அன்றே ஒன்பதரைக்கு இறந்துபோன ஆண் குழந்தை. "இதுக்கு நான் பேசறேன்க்கா," என்றாள் சுருட்டை. அக்கா, "போன்ல வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் புதிய அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை தானே போனாள்.

அந்தத் தாய் பள்ளி வேன் ஓட்டுகிறவள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே வேனின் கதவுகளைத் திறந்துபோட்டு, இருக்கைகளுக்கு அடியில் ஒட்டியிருந்த மிட்டாய்க் காகிதங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அக்கா யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"தேதி தப்புதானே?" என்றாள். "எனக்குத் தெரியும்."

அக்கா தலையாட்டினாள்.

"அட்டையைக் கையில குடுத்தப்பவே பாத்தேன். பிறந்தது ஒரு நாள், போனது மறுநாள்னு இருந்துச்சு. நான் எதுவும் சொல்லலை. அப்படிப் பாக்கும்போது, ஒரு நாள் பூரா எங்கூட இருந்த மாதிரி இருந்துச்சு." வேனின் படியில் உட்கார்ந்தாள். "மாத்தித்தான் ஆகணுமா?"

பழைய அட்டையைத் திரும்ப வாங்க வேண்டும் என்பதுதான் ஆஸ்பத்திரியின் உத்தரவு. அக்கா அதை நினைத்துப் பார்த்தாள். "உள்ள பதிவுல மாத்தியாச்சும்மா, அது சரியா இருந்துதான் ஆகணும். ஆனா உங்க கையில இருக்கறதை நான் கேக்க மாட்டேன். அதை வெச்சுக்கங்க. இது புதுசு. இதையும் குடுத்துட்டுப் போறேன்."

அவள் புதிய அட்டையை வாங்கிப் பார்த்தாள். மேலே யாரோ பால்கனியில் துணி உதறினார்கள்.

"நேரம் போட்டிருக்கு," என்றாள்.

"ஆமா. இப்போ நேரமும் வருது."

"ரெண்டு இருபது. சரிதான்." விரலால் அந்த எண்களைத் தொட்டாள். "ஒன்பதரை வரைக்கும். ஏழு மணி நேரம் பத்து நிமிஷம். முழுக்க என் கைமேலதான் இருந்தான், இறக்கவே இல்லை." எழுந்து, வேனின் முன்பக்கம் போய்ப் பைக்குள்ளிருந்து பழைய அட்டையை எடுத்துவந்து நீட்டினாள். "இதை எடுத்துட்டுப் போங்க. இந்தப் புதுசுதான் அவனோடது."

அக்கா வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை வேனில் எத்தனை பிள்ளைகள் என்று அக்கா கேட்டாள். பதினாறு என்றாள் அவள், அதில் ரெண்டு வாயே மூடாது என்றாள். திரும்பிப் போகும் பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாள் என்று சொல்ல முடியாது, அழவில்லை என்றும் சொல்ல முடியாது.

முதலாளி கையெழுத்திட்ட கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. தப்பு எப்படி நடந்தது, யாருக்கெல்லாம் நடந்தது, என்ன செய்தோம் என்று அக்கா ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கூப்பிட்டு அரை மணி நேரம் கடுமையாகப் பேசினார், கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் எந்த மாற்றமானாலும் முதலில் ஆவண அறையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும், ராத்திரிப் பணி ஆட்களும் பார்க்க வேண்டும். முதலாளி அதை அப்படியே ஒப்புக்கொண்டார். அக்காவை யாரும் வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்கு அவளால் ஒரு சின்ன மாற்றத்தைக்கூட நிம்மதியாக அனுப்ப முடியவில்லை, கை பொத்தானுக்கு மேலேயே நிற்கும். அவசரம் அதைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்காருவான். ஒருமுறை சேர்ந்து பார்த்துவிட்டு, "சரிதான்க்கா, அனுப்புங்க" என்பான். அந்தத் தயக்கம் மெல்லத் தானாக நின்றது.

அறுபத்தொன்றில் அறுபது அட்டை ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர்ந்தன. ஒன்று மட்டும் நின்றது. தொலைபேசி எண் வேலை செய்யவில்லை, தபாலில் அனுப்பியது வீடு காலி என்று திரும்பி வந்துவிட்டது. அந்த உறையைக் கவுன்டர்காரர் தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அக்காவின் தொலைபேசி அடித்தது. அவர்தான் பேசினார்.

"அக்கா, அந்தக் கடைசி ஆள் வந்துட்டாங்க. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க. வீடு மாறிட்டாங்களாம். பேரைப் பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்துடுச்சு."

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன். பழைய அட்டையையும் வாங்கிட்டேன்."

"நோட்டுல ஒரு தடவை பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான்க்கா குடுத்தேன்," என்றார் அவர். "குழந்தை நல்லாக் கொழுகொழுன்னு இருக்கு. என் பேனாவைப் பிடுங்கிக்கிட்டுத் தர மாட்டேன்னுட்டான்."

கீழே லாரி வந்து நின்றது. அக்கா பாட்டிலைக் கையால் பிடித்துக்கொண்டே, குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.